தூதர் என்றால் யார்?

"ஆண்டவர் சிலுவையில உயிர் விட்டார்" என்று நான் சொன்னதும் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, ஆண்டவன் எப்படி உயிர் விடுவான்? விட்டா அவன் ஆண்டவனா?"

கோபமாகக் கேட்கவில்லை. சாயங்காலக் கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால் எப்படிக் கேட்பாரோ அதே குரல்தான். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். உபதேசியார் வகுப்பில் படித்தது, சாமியார் பிரசங்கத்தில் கேட்டது, பெரிய வெள்ளியன்று பாடுகிற பாட்டு என்று கையிலிருந்ததையெல்லாம் கொட்டினேன். டீ ஆறிப்போனது. கடைசியில் பாய் சொன்னார்: "நீ பேசினது பூராவும் தமிழ்தான். ஆனா எனக்கு ஒண்ணும் ஏறலை."

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிவந்தேன். 2018 ஜனவரி. அந்த நோட்டைப் பற்றியும் அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்த தப்புகளைப் பற்றியும் எழுதச் சொல்லி என் மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் உட்கார்ந்து பேசுவது ரோமிலும் அபுதாபியிலும் பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் என்று நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

நாங்கள் இருவரும் ரங்கூன்காரர்கள். போர்டில் யாங்கோன் என்று மாறி எத்தனையோ வருடமாயிற்று, வீட்டில் இன்னும் ரங்கூன்தான். பாய்க்கு உளுந்து, துவரை, பச்சைப்பயறு வியாபாரம். நான் அவரிடம் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். அவர் பூர்வீகம் கூத்தாநல்லூர்ப் பக்கம். என் தாத்தா சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த கத்தோலிக்கர். பர்மாக்காரர் கண்ணுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்: கலா, இந்தியாவிலிருந்து வந்தவர்களை இளக்காரமாகச் சொல்கிற பெயர். அவர் தொப்பியும் என் கழுத்துச் சிலுவையும் அதற்கப்புறம்தான்.

1960-களில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்ப் பள்ளி என்பது எங்கள் தலைமுறைக்கு இல்லாமல் போனது. பாய் தமிழ் எழுத்துக் கற்றது பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில். நான் கற்றது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு உபதேசியார் நடத்திய வகுப்பில், செபப் புத்தகத்தை வைத்து. ஆகவே அவருடையது அவர் வேதத்தின் தமிழ், என்னுடையது என் வேதத்தின் தமிழ். அவரவர் தமிழ்தான் தமிழ் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவ்வளவு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டும் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நட்பு என்று நினைத்தேன். 2013 மார்ச்சில் மெய்க்திலாவில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நடந்து நாற்பது பேருக்கு மேல் செத்தபோது, அந்த வாரம் முழுக்க பாய் கடையை நாலு மணிக்கே சாத்தினார். சாவியை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார். நான் "நாளைக்குப் பாக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போவேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சங்கடம் எனக்குத்தான்.

பேச்சு ஆரம்பித்தது போப்பாண்டவர் பிரான்சிஸ் வந்தபோது. 2017 நவம்பர் 27-இல் வந்தார். 29-ஆம் தேதி காலை சைக்கசான் மைதானத்தில் பெரிய பூசை. கச்சின், சின், கயா மலைகளிலிருந்தெல்லாம் ஜனம் ரயிலிலும் பஸ்ஸிலும் நாள்கணக்கில் பயணம் செய்து வந்துகொண்டே இருந்தது. கோயில் வளாகங்களில் படுக்க இடமில்லை. நான் பாயிடம் லீவு கேட்கப் போனேன். லீவு எதற்கு என்று கேட்டு விஷயம் தெரிந்துகொண்டு, "நம்ம கிட்டங்கி பாதி காலியாத்தானே கிடக்கு" என்றார். வார்டு ஆபீஸில் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உளுந்து மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, தார்பாய் விரித்து, இரண்டு ராத்திரி முப்பத்துச் சொச்சம் பேர் அங்கே தூங்கினார்கள். பன்றி இறைச்சிப் பொட்டலம் யாராவது கொண்டுவந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே கவலை. பாயிடமே கேட்டேன். "சாப்பிடறவங்க வெளிய உக்காந்து சாப்பிடட்டும், கை கழுவிட்டு வரட்டும். இதுல என்ன இருக்கு?" நாலு நாளாக என் வயிற்றைக் கலக்கிய கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. மற்ற மதத்தாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று நாமே ஊகித்துத் தவிப்பதைவிட வாயைத் திறந்து கேட்பது மேல். இதை நான் அறுபதை நெருங்கும்போதுதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் வந்தது முதல் அடி. போப்பாண்டவர் கிளம்பிப் போன சில நாளில் பாய் கேட்டார்: "உங்க பாப்பரசர் இங்க இத்தனை நாள் இருந்தார். அந்தப் பேரை ஏன் வாயால சொல்லலை?"

ரோஹிங்கியா என்ற பெயரைத்தான் பாய் சொன்னார், ராக்கைன் மாநிலத்து முஸ்லிம்களின் பெயர். (நானும் அதை இங்கே யோசித்துத்தான் எழுதுகிறேன்.) அந்த ஆகஸ்டிலிருந்து 6 லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வங்கதேசம் போயிருந்தார்கள். பாய்க்கு அவர்களோடு சொந்தமோ பாஷையோ கிடையாது. ஆனாலும் கேட்டார். நான் உடனே வக்கீலாகிவிட்டேன். இங்கே இருக்கிற சிறிய சபைக்கு ஆபத்து வரும், கர்தினாலே அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ராஜதந்திரம் என்று ஒன்று இருக்கிறது, டாக்காவுக்குப் போய் டிசம்பர் 1-ஆம் தேதி அந்தப் பெயரைச் சொல்லித்தானே மன்னிப்புக் கேட்டார் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். பாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வாரம் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் கேட்டது விளக்கம் இல்லை, "உனக்கு அது எப்படி இருந்தது?" என்பதுதான் என்று பின்னால்தான் உறைத்தது. எனக்கும் அது வலித்தது. அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

இந்தச் சூழலில்தான் மேலே சொன்ன ஆண்டவர் விவகாரமும் நோட்டும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் அவர் எழுதுவார், வலது பக்கம் நான். முதல் சொல் 'ஆண்டவர்'. எனக்கு அந்தச் சொல்லில் கடவுளும் உண்டு, இயேசுவும் உண்டு. எந்த இடத்தில் எது என்பது பழக்கத்தில் தெரியும். பாய்க்கு ஆண்டவன் என்றால் அல்லாஹ், அதோடு சரி. சொல் பிரச்சினை தீர்ந்தால் விஷயம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இயேசு சிலுவையில் இறந்தார், உயிர்த்தார் என்பதை எடுத்துவிட்டால் என் விசுவாசத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று குர்ஆன் நாலாம் அத்தியாயம் சொல்கிறது. அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போட எங்களால் ஆகாது. ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொண்டோம். அதுவரை சமதரையிலேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தோம்.

இரண்டாம் சொல் 'தூதர்'. மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கபிரியேல் தூதர்" என்றதும் பாய் புருவம் தூக்கினார். "இது எந்த நபி? கேள்விப்பட்டதே இல்லையே." அவருக்குத் தூதர் என்றால் இறைத்தூதர்: மூசா, ஈசா, முஹம்மது. எனக்குத் தூதர் என்றால் இறக்கை வைத்த வானதூதர். அவர்கள் அதை மலக்கு என்கிறார்கள். போதாததற்கு எங்கள் புதிய மொழிபெயர்ப்பில் பேதுருவும் பவுலும் 'திருத்தூதர்'. மூன்று தூதர்களையும் பிரித்து வைக்க ஒரு மணி நேரமாயிற்று. கபிரியேல் என்றால் ஜிப்ரீல்தான் என்று தெரிந்ததும் பாய் சிரித்த சிரிப்பில் மூட்டை தூக்குகிற பர்மாப் பையன் எட்டிப் பார்த்தான்.

இப்படியே போனது. அவருடைய துஆதான் என்னுடைய செபம். தொழுகைக்கு எங்களிடம் நேரான சொல் இல்லை. 'பலி' என்றால் அவருக்கு ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி. ஞாயிறுதோறும் திருப்பலி என்றால் வாராவாரம் எதை அறுக்கிறீர்கள் என்று நிஜமாகவே கேட்டார். நோன்பு வந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் அவமானம். நாங்கள் அதை ஒருசந்தி என்போம். கட்டாயமான நாள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றும் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு. மற்ற வெள்ளிகளில் கறி கிடையாது, மீன் உண்டு. பாய் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மீன் உண்டா?" என்றார். நான் "உண்டு" என்றேன். "தண்ணி?" "தாராளமா." அவர் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் 'வேதக்காரர்'. எங்கள் பக்கத்து இந்துக்கள் எங்களை அப்படித்தான் சொல்வார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். மதம் மாறினவர்களை "வேதத்துல சேந்துட்டாங்க" என்பார்களாம். இதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். பாய் எழுந்துபோய்க் கை கால் கழுவிவிட்டுத் தமிழ்க் குர்ஆனைக் கொண்டுவந்தார். மூன்றாம் அத்தியாயம், 64-ஆம் வசனம். வேதக்காரர்களே, உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லுக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிற வசனம். சிவகங்கையில் எங்களுக்கு வைத்த பெயர் அரபியிலிருந்து வந்த தமிழில் அச்சாகி இருந்தது.

அந்த வசனத்துக்கு இந்தக் காலத்தில் ஒரு கதை உண்டு. 2006 செப்டம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது ஒரு பைசாந்தியச் சக்கரவர்த்தியின் வார்த்தைகளை மேற்கோள் காட்டினார். நபிகளைப் பழிக்கும் வார்த்தைகள் அவை. உலகமெங்கும் கொந்தளிப்பு. மறு வருடம், 2007 அக்டோபர் 13-இல், 138 முஸ்லிம் அறிஞர்கள் போப்புக்கும் மற்ற சபைத் தலைவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். தலைப்பு இந்த வசனத்திலிருந்து எடுத்தது. இறைவனை நேசி, அண்டை வீட்டாரை நேசி என்ற இரண்டும் இரு வேதத்திலும் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குவோம் என்பது சாரம். 2008 நவம்பரில் ரோமில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியது அதன் பலன். வசவுக்குக் கடிதம் என்ற முறை எனக்குப் பிடித்திருந்தது. பாய் மட்டும் ஒரு எச்சரிக்கை வைத்தார்: "இந்த வசனத்தைக் கூப்பிடறதாவும் படிக்கலாம், 'நீங்க இங்க வந்துடுங்க'ன்னும் படிக்கலாம். எங்க ஆலிம்சா ரெண்டும் சொல்வார். நீ ஏமாந்துடாதே."

என் பக்கத்திலிருந்து நான் கொண்டுபோனது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு, 1965 அக்டோபர் 28-இல் வெளியானது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிக்கிறது, அவர்கள் ஒரே கடவுளை வணங்குகிறார்கள், இயேசுவை இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள், மரியாளை மதிக்கிறார்கள், பழைய பகையை மறந்து புரிந்துகொள்ள உழைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெருமையாகப் படித்துக் காட்டினேன். பாய் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஈசா நபியை நம்பலைன்னா நான் முஸ்லிமே இல்லை. மர்யம் பேர்ல எங்களுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு. இதுல எங்க நபி பேரு எங்க?"

தேடினேன். இல்லை. குர்ஆன் என்ற சொல்லும் இல்லை. இந்த முறை வக்கீலாகவில்லை. "இல்லை பாய்" என்றேன். அவர் "சரி" என்றார். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இதற்குள் நாங்கள் ஆறு பேராகியிருந்தோம், மூன்றுக்கு மூன்று. மாதத்தில் ஒரு வியாழன், கிட்டங்கியில். இப்படி ஒன்றை ஆரம்பிக்க நினைப்பவர்கள் எங்களைக் கேட்டால், முதலில் கோயிலிலும் வேண்டாம், பள்ளிவாசலிலும் வேண்டாம் என்பேன். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி என்றாகிவிட்டால் விருந்தாளி வாய் திறக்க மாட்டார். அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு நேரத்தைப் பார்த்து உட்கார வேண்டும். பேச்சு சூடாகும்போது அவர்கள் எழுந்து தொழப் போவது நமக்கும் நல்லது, பத்து நிமிடம் மூச்சு வாங்கலாம். தின்பண்டம் முஸ்லிம் கடையிலிருந்து: சமோசா, இல்லையென்றால் நான்பியா ரொட்டியும் அவித்த பயறும். எங்கள் வீட்டில் கூடும்போது என் மனைவி புதுச் சட்டி வாங்கினாள், அதைச் சொல்லியும் விட்டாள். சொல்லாமல் விட்டால் அவர்கள் தட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருப்பார்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். பேஸ்புக்கில் ஒரு படம் போய்விட்டால் அப்புறம் இரு பக்கத்திலும் பதில் சொல்ல ஆட்கள் முளைப்பார்கள். இரண்டு கலாக் கூட்டம் பூட்டிய கிட்டங்கியில் தமிழில் என்ன பேசுகிறது என்று பக்கத்துக் கடை பர்மாக்காரருக்குத் தோன்றுமல்லவா? அவரையும் ஒரு நாள் கூப்பிட்டு டீ கொடுத்தோம். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இவர்கள் தூதர்களைத்தான் எண்ணுகிறார்கள் என்று தெரிந்து கொட்டாவி விட்டுக்கொண்டே போனார். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

மதம் மாற்றுகிற விஷயத்தை முதல் மாதமே வெளியே போட்டுவிட்டோம். இரண்டு மதமும் ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்கிற மதம், இல்லையென்று நடிப்பதில் பிரயோசனம் இல்லை. பாய் சொன்னார்: "நீ கலிமா சொன்னா நான் சந்தோஷப்படுவேன். சொல்லலைன்னாலும் சம்பளம் முதல் தேதிதான்." நானும் அவருக்காகச் செபிக்கிறேன் என்றேன். எதற்காகச் செபிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சேர்ந்து ஒரே செபம் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். 1986-இல் அசிசியில் போப் இரண்டாம் ஜான் பால் எல்லா மதத்தாரையும் கூட்டியபோதும் ஒரே இடத்தில் கூடினார்கள், ஆனால் அவரவர் செபத்தை அவரவரே சொன்னார்கள். எங்களுக்கு இரண்டு நிமிட மௌனம்.

எங்கள் ஆறு பேரில் ஒருவர் மட்டும், எந்தச் சிக்கல் வந்தாலும், "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்பார். நல்ல மனிதர். ஆனால் அந்த வாக்கியம் வந்ததும் பேச்சு படுத்துவிடும். சூலே பகோடா சந்திப்புக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், பகோடா, பெங்காலி சுன்னிப் பள்ளிவாசல், இம்மானுவேல் பாப்டிஸ்ட் கோயில் மூன்றையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டு என்ன ஒற்றுமை என்பார்கள். கட்டிடங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. எத்தனையோ வருடமாக ஒன்றோடொன்று பேசியதில்லை.

பெண்கள் தனியாகப் பேச ஆரம்பித்ததும் எங்களைவிட வேகமாகப் போனார்கள். கல்யாணம், பிள்ளைகளை எந்த மதத்தில் வளர்ப்பது, பௌத்தப் பெண்கள் வேற்று மதத்தாரைக் கட்டுவதைக் கட்டுப்படுத்த 2015-இல் வந்த திருமணச் சட்டம் என்று நாங்கள் தொடத் தயங்கியதையெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

2019 பிப்ரவரி 4-ஆம் தேதி போப் பிரான்சிஸும் கெய்ரோவிலுள்ள அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல் தய்யிபும் அபுதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு அந்தத் தேதியையே ஐ.நா. சகோதரத்துவ நாளாக அறிவித்தது. மதத்தின் பேரால் கொலை செய்வதும் கொலையைத் தூண்டுவதும் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது எங்களுக்குப் பெரிய ஊக்கம். அந்த மாத வியாழனில் ஜிலேபி வாங்கினோம்.

இரண்டரை மாதம்தான். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு, மட்டக்களப்பு, அப்புறம் ஓட்டல்கள். 250 பேருக்கு மேல் போனார்கள். அந்தோணியார் எங்கள் வீட்டுச் சாமி. செவ்வாய்க்கிழமை நவநாள் விட்டதில்லை. திங்கள்கிழமை வேலைக்குப் போனேன். பாய் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்க ஆளுங்க ஏன் பாய் இப்படிச் செய்றாங்க?" என்றேன்.

உங்க ஆளுங்க. தேவாலயத்துக்குள் குண்டு வைத்தவனும், என் ஜனங்கள் தூங்கத் தார்பாய் விரித்தவரும் ஒரே ஆள் என்பதுபோல.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் உளுந்து மாதிரி பரப்பியிருந்தது. ஒரு கைப்பிடி அள்ளினார், உள்ளங்கையில் உருட்டினார், ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். ஈரம் பார்க்கிறபோது அப்படித்தான் செய்வார். பிறகு கையிலிருந்ததைத் திரும்பக் கொட்டிவிட்டு, "அன்னைக்கு நானும் உன்னை இப்படித்தான் கேட்டேன், இல்ல?" என்றார். "பாப்பரசர் பேரைச் சொல்லி."

அதற்குப் பிறகு நோட்டின் பின்னட்டையில் ஒரே ஒரு விதி எழுதினோம். தொலைவில் இருக்கிறவன் செய்ததற்கு எதிரே இருக்கிறவனிடம் கணக்குக் கேட்பதில்லை. எழுதியது என் கையெழுத்து, கீழே அவர் தேதி போட்டார். அந்த விதியோடு அவர் வாய்மொழியாக ஒன்றைச் சேர்த்தார்: "உன் புத்தகத்தை என் புத்தகத்தோட வை. உன் தெருவை என் தெருவோட வை. உன் புத்தகத்தை எடுத்து என் தெருவோட வச்சா நீதான் ஜெயிப்பே." நான் அத்தனை வருடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் கொரோனா, ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பின் ஊர் நிலைமை. ஆறு பேர் கூடுவதே ஆபத்தானபோது நாங்கள் இரண்டு பேராகச் சுருங்கினோம். ஒருவர் பாங்காக் போய்விட்டார், ஒருவர் கொரோனாவில் காலமானார். அவருடைய அடக்கப் பூசைக்குப் பாய் வந்து கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நற்கருணைக்கு எல்லோரும் எழும்போது எழ வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். சொல்லாமல் விட்டால் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவோ என்று தவித்திருப்பார்.

2025-இல் ரமலானும் எங்கள் தவக்காலமும் சேர்ந்து வந்தன. வத்திக்கான் 1967-இலிருந்து வருடந்தோறும் முஸ்லிம்களுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்புகிறது. அந்த வருடச் செய்தியிலும் இரண்டு நோன்பும் ஒன்றாக வந்ததைச் சொல்லியிருந்தார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். பாய் கண்டுகொண்டார். "தண்ணி?" என்றார். "குடிக்கிறேன்" என்றேன். "பரவாயில்லை" என்றார்.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். லெபனானில் அந்த நாளை 2010-இலிருந்து கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பொதுவான தேசிய விடுமுறையாக வைத்திருக்கிறார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் பாய் வீட்டில் நோன்பு திறந்தோம். பேரீச்சம்பழம், கஞ்சி, பருப்பு வடை. அப்புறம் லூக்கா முதல் அதிகாரத்தை நான் வாசித்தேன், மர்யம் அத்தியாயத்தைப் பாயின் பேத்தி வாசித்தாள். "ஜிப்ரீல் தூதர்" என்று நான் வேண்டுமென்றே சொன்னேன். பாய் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, 28-ஆம் தேதி, மதியம் 12:50. ரங்கூனில் தொங்குவிளக்கு ஆடியது, எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்தேன். மாண்டலேயிலும் சகாயிங்கிலும் பூமி 7.7 அளவில் குலுங்கியிருந்தது. ரமலானின் கடைசி ஜும்ஆ நேரம். பள்ளிவாசல்கள் நிரம்பியிருந்தன. பல பள்ளிகள் பழைய கட்டிடம். பழுது பார்க்க அனுமதி கேட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தவை. நாடு முழுக்க 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பாயின் மச்சான் மகன் தொழப் போனவன்தான்.

செய்தி வந்தபோது நான் அவர் பக்கத்தில் இருந்தேன். எனக்கு என் வாயில் வருகிற வார்த்தை, "ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றி தரட்டும்" என்பது. அதை எப்படி அவரிடம் சொல்ல? நோட்டு டிராயரில் இருந்தது. எடுத்தேன். 'மௌத்' என்ற பக்கத்தில் அவர் கையெழுத்தில், நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்று இருந்தது. நாலு வருடம் முன்பு எங்கள் நண்பர் போனபோது எழுதிய பக்கம். அரபியில் சொல்ல எனக்கு நாக்கு வராது. தமிழில் வாசித்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அடுத்த வாரம் கோயிலில் அரிசியும் தார்பாயும் சேர்த்து மாண்டலேக்கு அனுப்பியபோது அதே கிட்டங்கியில்தான் மூட்டை கட்டினோம்.

ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள். அதே தேதி என்று காலையிலேயே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணி வாக்கில் போன் அடித்தது. பாய்தான்.

"தம்பி, உங்க பாப்பரசர் மௌத்தாயிட்டாராம். டிவியில போடறான்."

எனக்குத் தெரியாது. உட்கார்ந்துவிட்டேன்.

"அதுக்கு நீங்க ஒண்ணு சொல்வீங்களே. நோட்டு உன்கிட்டல்ல இருக்கு. எனக்கு இளைப்பாறங்கிறது மட்டும்தான் ஞாபகம் வருது."

"நித்திய இளைப்பாற்றி பாய்."

"முழுசாச் சொல்லு."

சொன்னேன். நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக. அவர் மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். 'ஆண்டவரே' வந்த இடத்தில் ஒரு நொடி நின்றார். அப்புறம் அதையும் சொன்னார்.

பின்னால் யாரோ பர்மா மொழியில் கூப்பிட்டார்கள். "இரு" என்றார் பாய். "மெய்க்திலா லாரி வந்துடுச்சு. நாளைக்கு நீ வர வேண்டாம், கோயிலுக்குப் போ. மூட்டையை நான் எண்ணிக்கிறேன்."